மனையறப் பக்கம்: பருப்பிட்ட பிரௌனி



சென்ற இதழில் கேழ்வரகுப் பணியாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அல்சூர்ச் சகோதரி ஒருவர், "பணியாரமும் அதிரசமும் எங்கள் கைக்கு வந்தவையே. பள்ளிக்குச் செல்லும் என் பெண் கேட்பதோ பருப்பிட்ட சாக்லெட் பிரௌனி. கடையில் சில துண்டுகள் வாங்கும் பணத்தில் வீட்டிலேயே ஒரு தட்டு நிறையச் செய்துவிடலாம் என்கிறார்களே, உண்மைதானா?" என்று கடிதம் விடுத்திருக்கிறார். உண்மைதான். செய்முறையும் கடினமன்று. ஆனால் பருப்பைப் பற்றி என் வாழ்விலிருந்து சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை.

பிரௌனி கேக்கும் அன்று, மிட்டாயும் அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட பண்டம். அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரில் 1893-ஆம் ஆண்டு நடைபெற்ற உலகக் கண்காட்சியில் பெண்டிர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெர்த்தா பால்மர் அம்மையார். அவர் கணவருக்குச் சொந்தமானது பால்மர் ஹவுஸ் என்னும் விடுதி. கண்காட்சிக்கு வரும் பெண்கள் உணவுப் பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்கதாய், கையில் ஒட்டாததாய், கேக்குத் துண்டினும் சிறியதாய் ஓர் இனிப்புச் செய்து தருமாறு அவ்வம்மையார் விடுதிச் சமையற்காரரைக் கேட்டார் என்றும், அக்ரூட்டுப் பருப்பிட்ட அப்பண்டமே பிரௌனியின் முன்னோடி என்றும் அவ்விடுதியார் இன்றளவும் கூறி வருகின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் அதே நகரில்தான் விவேகானந்தர் சொற்பொழிவு ஆற்றினார். அவர் அதனைச் சுவைத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்!

பெங்களூரில் அடுமனைத் தொழிலின் வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. சிக்கப்பேட்டையில் 1898-ஆம் ஆண்டு தொடங்கிய பி.பி. பேக்கரியை நம்மில் பலர் அறிவோம். ஹாசன் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இந்நகர் வந்த ஐயங்கார் குடும்பத்தினர் தொடங்கியது அது. அவர்களைப் பின்பற்றி ஹாசன் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் தெருவுக்குத் தெரு 'ஐயங்கார் பேக்கரி' என்னும் பெயர்ப் பலகையை மாட்டினர். இவர்களுள் பலர் வீட்டில் பேசுவது ஹெப்பார் தமிழ் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் வியப்பர். வெள்ளைக்காரர் ரொட்டியையும் கேக்கையும் முட்டையின்றிச் செய்து, ஆசாரமுள்ள வீட்டாரும் தயக்கமின்றி வாங்கி உண்ணும்படி செய்தனர். கடைக்காரரை நோக்கி, 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்க வேண்டிய தேவை இல்லாதிருந்ததே அக்கடைகளின் முதலீடு என்பேன். இன்று அப்பெயர் தாங்கிய எல்லாக் கடைகளும் அவ்வாறே உள்ளன என்று கொள்ளற்க. கேட்டு வாங்குவதே நலம்.

இக்கேள்வியை நான் மறக்கவொண்ணாதபடி எனக்குக் கற்பித்தவர் என் மாமியார். ஆம்பூரிலிருந்து மணமாகி இந்நகருக்கு வந்த நான், 1996-ஆம் ஆண்டு சிறிய மின்சார ஓவன் ஒன்று வாங்கினேன். முதற்கேக்கு நன்றாகவே வந்தது. மாமியார் ஒரு துண்டு உண்டு, "ஏனம்மா, இதில் என்ன போட்டாய்?" என்று கேட்டார். "மைதா, வெண்ணெய், சர்க்கரை" என்றேன். முட்டையைச் சொல்லவில்லை. சொன்னால் உண்ண மாட்டார். உண்ணாவிட்டால் என் கைத்திறனை எவ்வாறு அறிவார் என்னும் சிறுபிள்ளைத்தனம். மறுநாட்காலை குப்பைக் கூடையில் முட்டையோட்டைக் கண்டார். ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அன்று முதல் நான் எதை நீட்டினாலும், வெறும் சுண்டலாயினும், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டே கை நீட்டுவார். விருந்தினர் முன்னும் கேட்பார். கிழவியின் பிடிவாதம் என்று வீட்டில் எல்லோரும் நகைத்தோம்.

நிற்க. இனிச் செய்முறைக்கு வருவோம்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றிற்குக் கறுப்புச் சாக்லெட் 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், பெரிய முட்டை 2, மைதா 80 கிராம், இனிப்பில்லாத கோகோப் பொடி 20 கிராம், உப்பு இரு சிட்டிகை, பருப்பு 100 கிராம் வேண்டும். கைக்கணக்கு இங்கே உதவாது, தராசு கொள்க. சாக்லெட்டு வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். கோகோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் தாவரக் கொழுப்பு என்று அச்சிட்டிருந்தால் அது 'காம்பவுண்ட்' எனப்படும் மலிவுச் சரக்கு. மேற்பூச்சுக்கு அது போதும். பிரௌனிக்குச் சுவை தராது, நாவில் மெழுகு போல் ஒட்டும். கோகோவுக்காகக் கடல் கடக்க வேண்டுவதில்லை. 1798-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் கோகோ பயிரிட்டுப் பார்த்தனர். இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் தென்கன்னடத்துப் பாக்குத் தோட்டங்களிலும் அஃது ஊடுபயிர். புத்தூரில் காம்ப்கோ கூட்டுறவுச் சங்கத்தார் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய சாக்லெட் ஆலை இன்றும் நடைபெறுகிறது.

வெண்ணெயையும் சாக்லெட்டையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்குக. ஒரு துளி நீரும் உள்ளே தெறித்தல் ஆகாது. தெறித்தால் சாக்லெட்டு மணல் போல் திரிந்துவிடும். வேறொரு பாத்திரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் நான்கைந்து நிமிடம் நன்றாக அடித்து, வெளிறித் தடித்த பின் உருக்கியதை ஊற்றுக. சர்க்கரை முட்டையில் நன்கு கரைந்தால்தான் மேலே காகிதம் போன்ற பளபளப்பான மெல்லேடு படியும். பிறகு மைதா, கோகோ, உப்பு ஆகியவற்றைச் சலித்துத் தூவி, மாவு மறையும் வரை மட்டுமே கலக்குக. மிகுதியாகக் கலக்கினால் இறுகிப்போகும். 175 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 25 நிமிடம் வைத்து எடுக்கலாம். நடுவில் குத்திய குச்சியில் ஈரப் பிசிறு சிறிது ஒட்டினால் அதுவே பதம். குச்சி துப்புரவாக வெளிவந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முழுதும் ஆறிய பின்னரே அறுத்தல் வேண்டும். பிள்ளைகளைச் சமாளிப்பது உங்கள் பாடு.

பேக்கிங் பவுடர் வேண்டாவா எனில், வேண்டா. நான் முதன்முதலில் செய்த பிரௌனி சென்னையிலுள்ள என் நாத்தனார் எழுதித் தந்த கணக்குப்படி, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருடன் செய்தது. ஓவனுக்குள் கோபுரம் போல் எழும்பி, வெளியே வந்ததும் நடுவில் குளம் போல் அமிழ்ந்தது. சென்னை கடற்கரையூர், நம் பெங்களூரோ கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேலான மேட்டு நிலம். காற்றழுத்தம் குறைவாகையால் இங்கே நீர் 97 டிகிரி அளவிலேயே கொதிக்கிறது; மாவினுள் எழும் வாயுவும் சற்று மிகுதியாகவே விரிகிறது. மாவு வெந்து உறுதிப்படும் முன்பே எழும்பினால், தாங்க ஆளின்றி அமிழ்கிறது. ஊரிலிருந்து கேக்குக் கணக்குக் கொண்டுவருவோர் பேக்கிங் பவுடரைச் சிறிது குறைத்துக்கொள்வது நன்று.

முட்டை விலக்கிய வீட்டார் ஆளிவிதைப் பொடி 2 மேசைக்கரண்டியை 6 மேசைக்கரண்டி நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துச் சேர்க்கலாம். கன்னடத்தில் அகசெ என்பர். சட்னிப் பொடிக்காக எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். மேலேடு பளபளக்காது, உள்ளீரம் குறையாது. தயிர் சேர்ப்போரும் உளர். அது கேக்காகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இனிப் பருப்பு. காசுமீரத்து அக்ரூட்டுக்கு ஈடு இல்லை. அதன் தோலிலுள்ள சிறு கைப்புச் சாக்லெட்டின் இனிப்பை அளவில் நிறுத்தும். ஆனால் விலை மிகுதி. எண்ணெய்ச் சத்து மிகுந்ததாகையால் வெளியில் வைத்தால் விரைவில் காறல் வாடை வந்துவிடும். பண்ருட்டி முந்திரி மென்மையானது. இவ்விரண்டையும்விட இந்நகருக்கு உரியது நிலக்கடலை. ஆண்டுதோறும் பசவனகுடி நந்தி கோயிலருகே கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமையில் 'கடலெகாயி பரிசெ' கூடுகிறது. கன்னடர்க்கு அது சந்திரனைக் கொண்டு கணக்கிடும் மாதம். நம் கார்த்திகையோடு எப்பொழுதும் பொருந்தாது. நாட்காட்டியைப் பார்த்துச் செல்க. கடலைக் காட்டை மேய்ந்தழித்த காளைக்கு உழவர் முதல் விளைச்சலைப் படைக்க நேர்ந்துகொண்ட கதையைச் சொல்வர். சாலையோரம் குவித்திருக்கும் புதுக்கடலையை இரண்டு படி வாங்கி உலர்த்தி வைத்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கவலையில்லை. சுருங்கியதையும் பூசணம் பிடித்ததையும் தயங்காது எறிந்துவிடுக. அப்பூசணத்தில் நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் முற்றும் நீங்காது. எப்பருப்பாயினும் தனியே 160 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வறுத்து, ஆறிய பின் ஒன்றிரண்டாக உடைத்துச் சேர்த்தல் வேண்டும். வறுக்காத பருப்பு ஈரமாவினுள் கிடந்து நமத்துவிடும்.

நான் சொல்ல வந்த செய்திக்கு இப்போது வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், பரிசெ முடிந்த மறுவாரம், இரண்டு தட்டுப் பிரௌனி செய்தேன். அக்ரூட்டுப் போதவில்லை. பாதியளவு நிலக்கடலையை வறுத்துப் பொடித்துக் கலந்தேன். சாக்லெட்டின் மணத்தில் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று உள்ளூரப் பெருமையும் கொண்டேன். மாடியில் குடியிருக்கும் கன்னடக் குடும்பத்துச் சிறுவன், ஐந்து வயதினன், விளையாட வந்தவன் ஒரு துண்டு தின்றான். சிறிது நேரத்தில் உதடு தடித்தது. கழுத்திலும் கையிலும் தடிப்புக் கண்டது. பிறகு இருமத் தொடங்கி மூச்சு வாங்கினான். அவன் தாய் ஓடி வந்து என் தோளைப் பற்றி, "ஏனேனு ஹாகித்தீரா, அக்கா?" என்று கேட்டாள். என்னென்ன போட்டீர்கள் என்பது பொருள். மைதா, வெண்ணெய், சர்க்கரை என்று என் வாய் தானாகவே தொடங்கியது. அந்தச் சொற்களை முன்பு எவரிடம் சொன்னேன் என்பது அப்போதே நினைவில் தைத்தது.

"கடலெகாயி" என்றேன். வண்டியில் மருத்துவமனை சேரும் வரை குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தேன். மருத்துவர் கேட்ட முதற்கேள்வியும் அதுவே: உண்டதில் என்ன இருந்தது? நிலக்கடலையும் அக்ரூட்டும் என்று தெளிவாகச் சொன்னேன். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டனர். சிறிது நேரத்தில் மூச்சுச் சீரானது. அன்றிரவு முழுதும் அங்கேயே வைத்துப் பார்த்தனர். நிலக்கடலை அவனுக்கு ஒவ்வாது என்பதை அவன் பெற்றோரே அன்றுதான் அறிந்தனர்.

சகோதரிகளே, உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் இவை உண்ட சிறிது நேரத்தில் கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் போக்கற்க. உடனே 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. ஒரு முறை ஒவ்வாதென்று தெரிந்த பிள்ளைக்குச் 'சிறு துண்டுதானே' என்பதும் தவறு. மிகச் சிறிய அளவும் தீங்கு செய்யக்கூடும். நம்மில் சிலர் வீட்டிலிருந்தபடியே கேக்கும் பிரௌனியும் செய்து விற்று நாலு காசு பார்க்கின்றனர், மகிழ்ச்சியே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். உறையிட்டு விற்கும் பண்டத்தில் நிலக்கடலை, மரப்பருப்பு, பால், முட்டை, கோதுமை முதலியவை இருப்பின் அதனைக் குறிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அண்டை வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுப்பதற்குச் சட்டம் ஏதும் இல்லை.

என் மாமியார் இச்சம்பவத்திற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். இப்பொழுது என் வீட்டிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். என்னென்ன சேர்ந்தது என்பதைத் தமிழில் நான் எழுதுவேன்; கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் என் பேத்தி எழுதுவாள். மாடி வீட்டுச் சிறுவனுக்காகப் பருப்பில்லாத தட்டு ஒன்று தனியே உண்டு. பருப்பு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, வேறு கரண்டி, வேறு கிண்ணம் கொண்டு அதனை முதலில் செய்து மூடி வைத்துவிடுவேன். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. தட்டை நீட்டினால் கை நீட்டுமுன் என் முகத்தைப் பார்த்து, "இதில் என்ன இருக்கிறது, அஜ்ஜி?" என்று தமிழிலேயே கேட்கிறான். நானும் மைதாவிலிருந்து தொடங்கி உப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.