முழங்கால் தேய்வும் வேலையின் காயமே

“வயது போனால் முழங்கால் நோகத்தான் செய்யும்” என்று சொல்லி எமது தாய்மாரின் வேதனையை மூடிவிடுகின்றோம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் நாள் முழுக்கக் குந்தியிருந்த கால்கள் இவை. 1990இலும் 1995இலும் 2009இலும் மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் நடந்த கால்கள். வயது ஒரு காரணம்தான். ஆனால் பாரம் தூக்குவதும், குந்தி எழும்புவதும், பழைய அடிகாயங்களும், உடற்பருமனும் அதனோடு சேர்ந்தே மூட்டைக் கெடுக்கின்றன. பெண்களுக்கே இது கூடுதலாக வருகின்றது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்கின்றது. ஓரங்களில் எலும்பு முளைவிடுகின்றது. சில வேளை மூட்டினுள் நீர் கட்டி வீங்குகின்றது. காலையில் எழும்பியதும் விறைப்பு, பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். பிறகு படி ஏறினால் நோவு, குந்தி எழும்பினால் நோவு. அதற்குப் பயந்து நடக்காமல் விட, தொடைத் தசை மெலிகின்றது. தசை மெலிய மூட்டுக்குத் தாங்கல் இல்லை. நோவு இன்னும் கூடுகின்றது. தோட்டம் கைவிடப்படுகின்றது.

ஆகவே “ஓய்வாக இருங்கோ” என்ற புத்திமதி அரைகுறையானது. கதிரையில் இருந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, நாள்தோறும். தொடக்கத்தில் சற்று நோகும்; சில வாரங்கள் விடாது செய்தால்தான் பயன் தெரியும். உடல் நிறை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். வலக்கால் நோகுமானால் பொல்லை இடக்கையில் பிடிக்க வேண்டும். எம்மவர் பலர் மாறித்தான் பிடிக்கின்றனர். கோவிலில் முழங்காற்படியிட இயலாதவர்கள் வாங்கிலேயே இருக்கட்டும், நாம் குறை பிடிக்கமாட்டோம்.

எமக்கு அச்சம் தருவது குளிசைதான். கடையில் டைக்ளோபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் இரத்தம் கசியலாம், சிறுநீரகம் கெடலாம். வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கையில் இது நெருப்போடு விளையாட்டு. அதே மருந்தின் பூசும் களிம்பு ஆபத்துக் குறைந்தது. முழங்கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது வேறு நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீடும் மலசலகூடமும் கட்டித்தருவோர் இளையோரின் கால்களை நினைத்தே வரைபடம் கீறுகின்றனர். குந்தி எழும்ப முடியாத மூதாட்டி, கூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் விடுகின்றார். உயர்ந்த இருக்கை ஒன்று, சுவரில் கைபிடியாக ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. இதற்கு எவ்வளவு செலவு? அத்திவாரம் வெட்ட முன்னரே, பயனாளிகள் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்.