வெறும் வயிற்று மலையா பழனி மலை?

வெள்ளைக்காரர்கள் உருளைக்கிழங்கையும் காரட்டையும் கொண்டுவந்த பிறகுதான் பழனி மலைக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று ஒரு வாதம் உலவுகிறது. இது தவறு.

இந்த மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியது 1845இல். அதற்கு வெகுகாலம் முன்பே மேல்மலைச் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து எடுத்த சாமை சோறானது. கேழ்வரகு களியும் கூழுமானது. தொட்டுக்கொள்ளக் கீரையும் அவரையும் இருந்தன. இம்மலைப் பழங்குடியினரான பளியர்கள் பாறை இடுக்குகளில் ஆழத் தோண்டி நூறைக்கிழங்கு எடுத்தார்கள், வேகவைத்தோ சுட்டோ தின்றார்கள். மலைத்தேனும் உண்டு. பூம்பாறைப் பக்கம் இன்றும் பூண்டைப் புகையில் பதப்படுத்திச் சேமிக்கிறார்கள். அந்த மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

உருளைக்கிழங்கே உயிர்காத்தது என்பவர்கள் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். ஓட்ஸும் பாலும் வெண்ணெயும் உண்டு வாழ்ந்த அந்நாட்டின் ஏழைகள் நாளடைவில் ஒற்றைக் கிழங்கையே நம்பும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். அதே 1845இல் கருகல் நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

பழனி மலையின் பழைய சாப்பாடு அப்படி ஒரே பயிரை நம்பி இருக்கவில்லை. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுத்தது.

பஞ்சமே வந்ததில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காய்கறி லாரிகளுக்காகச் சாமைக் காடுகள் குறைந்ததை வளர்ச்சி என்று மட்டும் எழுதுவது நியாயமல்ல. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கொடைக்கானல் மலைக் கிராமங்களுக்கும் அது வேண்டும், சாமையோடு சேர்த்து.