காத்திருப்போர் கடமை

அன்புடையார் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் இருக்குங்கால், காத்திருப்போர் சிறிது நேரம் தம் மனத்தை வேறொன்றிற் செலுத்துதல் அன்பின்மை ஆகுமோ? ஆகாது என்பதே என் கருத்து. அதனை யான் பட்டறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவி நாகர்கோவிலில் மருத்துவமனை ஒன்றில் இருந்தாள். மூன்று நாள் ஊணும் உறக்கமும் இன்றி அவள் அறைவாயிலையே நோக்கியிருந்தேன். நான்காம் நாள் மருத்துவர் மருந்துண்ணும் வேளையைக் கூறினார். கலங்கிய என் செவியில் அது புகவில்லை. அருகிருந்த தோவாளை மூதாட்டி ஒருவரே அதனைக் கேட்டு எனக்கு எடுத்துரைத்தார். அவர் மகனும் உள்ளே நோயுற்றுக் கிடந்தான். எனினும் அவர் மடியில் பிச்சிப்பூவை இட்டுத் தொடுத்துக்கொண்டிருந்தார். "கை வேலை செய்தால் மனம் ஓரிடத்தில் நிற்கும், ஐயா" என்றார்.

மறுநாள் முதல் யானும் அறிந்த செய்யுட்களை ஏட்டில் எழுதலானேன். அதன்பின் மருத்துவர் கூறிய சொல் ஒன்றும் தவறவில்லை.

1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்டு மலையேறச் சென்ற மருத்துவர் சாமர்வெல், நம் நெய்யூரில் நெடுங்காலம் நோயாளரிடையே உழைத்தவர். அவரும் ஓவியத்தையும் இசையையும் கைவிட்டிலர்.

ஆதலின், மாணவர்களே, அத்தகைய காலம் வரின் பூத்தொடுங்கள், செய்யுள் எழுதுங்கள், அயற்படுக்கையார்க்கு வெந்நீர் வாங்கிக் கொடுங்கள், அழைத்தால் கேட்கும் தொலைவில் மரநிழலில் உலாவுங்கள். வேளைக்கு உண்டு உறங்குங்கள். இவை நோயாளியை மறத்தற்கு அல்ல. அவர் அழைக்கும்போது தெளிந்த மனத்தோடும் தளராத உடலோடும் எழுந்து செல்லுதற்கே.