போட்டோ பிரின்டர் வாங்கப் போறீங்களா? விலையை விடுங்க, மாசம் எத்தனை போட்டோ?

வீடியோவில் சொன்ன பிரின்டர் கணக்கை இங்கே நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். அகல் விளக்கு, கொலு பொம்மை செய்யறவங்களைக் கேளுங்க. சூளை கட்டினது ஒரு தடவை செலவு. ஒவ்வொரு தடவையும் எரிக்க எவ்வளவு ஆச்சு, எத்தனை உருப்படி உடைஞ்சது, இதுதான் பொம்மையோட அடக்க விலையை முடிவு பண்ணும். அரைகுறையா அடுக்கி எரிச்சாலும் எரிபொருள் பெருசா மிச்சமாகாது. பிரின்டரும் அப்படித்தான். ஆனா கடைக்குப் போனா நாம கேக்கறது சூளை விலையை மட்டும்!

ஒரு உதாரணம். ஸ்டுடியோவில் 4×6 இன்ச் பிரின்ட் 15 ரூபாய்னு வெச்சுக்குவோம். வீட்டில் இங்க் டேங்க் பிரின்டர், விலை 18,000. மை, போட்டோ பேப்பர் சேர்த்து ஒரு படத்துக்கு 9 ரூபாய். மிச்சம் 6 ரூபாய். போட்ட 18,000 திரும்ப வர 3,000 போட்டோ எடுக்கணும். மாசம் 10 போட்டோன்னா 25 வருஷம்! பிரின்டர் அதுவரைக்கும் ஓடாது. மாசம் 250 போட்டோன்னா ஒரே வருஷம். விலைகள் எல்லாம் என் உதாரணம்தான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

இதுல சும்மா கிடக்கிற செலவு சேரவே இல்லை. இங்க்ஜெட் பிரின்டரை மாசக்கணக்கில் தொடாம வெச்சா நாசில்ல மை காஞ்சு அடைக்கும், அதுவும் நம்ம ஊர் மே மாச வெயிலில். படத்துல கோடு விழும். ஹெட் க்ளீனிங் கொடுப்பீங்க. அதுக்குச் செலவாகிறதும் நீங்க காசு கொடுத்து வாங்கின மைதான். அது நேரா உள்ளே இருக்கிற வேஸ்ட் பேடுக்கோ மெயின்டனன்ஸ் பாக்ஸுக்கோ போகும். அது நிரம்பினா மாத்த வேற செலவு. அதனால வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்க.

அட்டைப்பெட்டி மேல "7,500 பக்கம்"னு போட்டிருந்தா அதைப் போட்டோ கணக்குன்னு நினைக்காதீங்க. அது பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 24712 மாதிரிப் பக்கங்களை வெச்சு சொல்றது. எழுத்து, சின்னப் படம், மிச்சம் வெள்ளை. போட்டோல தாள் முழுக்க மை. போட்டோவுக்குன்னு ஐ.எஸ்.ஓ. 29103-ன்னு தனி அளவே இருக்கு. கடைக்காரர்கிட்ட அந்தக் கணக்கைக் கேளுங்க.

எப்பவாவது எடுக்கிற வீட்டுக்கு என் ஓட்டு கேனான் செல்ஃபி மாதிரி ரிப்பன் பிரின்டருக்கு. காயறதுக்கு மையே இல்லை. 108 தாள், அதுக்கான ரிப்பன், ஒரே பேக்கில் வரும். பேக் விலையை 108 ஆல் வகுத்தா ஒரு போட்டோவோட விலை. கறுப்புப் படமோ வெள்ளைப் படமோ, செலவாகிற ரிப்பன் ஒரே அளவு. ஒரு படத்துக்கு டேங்கை விட அதிகம்தான், ஆனா எவ்வளவுன்னு முன்னாடியே தெரியும். வருஷத்துக்கு 50 போட்டோ கூட இல்லைன்னா எதுவும் வேணாம், ஸ்டுடியோ போதும்.

சரி, "ஊர்லயே பீங்கான் இருக்கு, அதே பிரின்டர்ல போட்டோ மக் போட்டு சைடு இன்கம் பாக்கலாமே?" நகையை அடகு வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. மக்குக்கு சப்ளிமேஷன் மை வேணும். சாதாரண போட்டோ மை ஏறாது. செல்ஃபி ரிப்பனும் உதவாது, பேர்ல "சப்ளிமேஷன்" இருந்தாலும் அது வேற. ஒரு டேங்கில் சப்ளிமேஷன் மையை ஊத்திட்டா அதுல பழையபடி போட்டோ எடுக்க முடியாது. சாதாரண பிரின்டர்ல வேற மை ஊத்தினா வாரன்ட்டிக்கும் சிக்கல். மக்கும் பாலிமர் பூச்சு உள்ளதா இருக்கணும், சூளையிலிருந்து வர்ற வெறும் க்ளேஸ் மக்ல நிறம் பிடிக்காது. ஆக பிரின்டர், ஹீட் பிரஸ், பூச்சு மக், எல்லாமே தனி முதல்.

ஏற்கெனவே மெஷின் வெச்சிருக்கிற கடையில கொடுத்துப் போட்டு வாங்கி, ஆறு மாசம் வித்துப் பாருங்க. மாசாமாசம் ஆர்டர் நிலையா வந்தா, அந்த எண்ணிக்கையை வெச்சு மேல போட்ட அதே கணக்கை மக்குக்கும் போடுங்க.