கோல் போட்டவரைத் தெரியும், சொல்லிக் கொடுத்தவரை?

போடிமெட்டு வரைக்கும் கிரிக்கெட், அதைத் தாண்டினால் கால்பந்து. நாற்பது வருஷமாக இந்த ஊரில் குடியிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு மாநிலத்துக்கும் நடுவே செக்போஸ்டை விட இதுதான் சரியான எல்லை. 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பூப்பாறை பக்கம் இறங்கினால், உலகக் கோப்பை சமயத்தில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ஆளுயர பேனர் வைத்திருப்பார்கள். ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் போய்த் திரும்பும் நம் ஊர்ப் பெண்கள், "யாரோ அர்ஜென்டினாவாம், நம்மூர்க் கட்சிக்காரங்க மாதிரியே போஸ்டர் ஒட்டிருக்காங்க" என்று சிரிப்பார்கள்.

"மலையாளத்தானுக்கு அது ரத்தத்துலயே இருக்குண்ணே" என்று நம் ஆட்கள் ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. பந்தை எப்படி நிறுத்துவது, எப்போது கொடுப்பது என்பதெல்லாம் யாரோ ஒருவர் வெயிலில் நின்று சொல்லிக் கொடுத்து வருவது. கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபியைத் தூக்கியபோது அந்த அணிக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் சைமன் சுந்தர்ராஜ். எங்கள் தெருவில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் கதையை 1960ல் இருந்து தொடங்க வேண்டும். ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணி மூன்று ஆட்டம் ஆடியது. ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி. பிரான்சோடு 1-1 என்று சமன். பெருவிடம் 3-1 என்று தோல்வி. பெருவுக்கு எதிராக நாம் போட்ட அந்த ஒரே கோலை அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ். அதற்குப் பிறகு இன்று வரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்னமும் அவர் பெயரில்தான் நிற்கிறது. முதல் கோலுக்கும் நம் தெற்குத் தொடர்பு உண்டு. 1948 லண்டனில், நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டத்தில், பிரான்சுக்கு எதிராக அதை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

அந்த 1-1 ஆட்டம் எனக்குத் தனியாக நினைவில் இருக்கக் காரணம் உண்டு. அப்போது நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த பையன். ஊரை 1954லேயே ஒப்படைத்துவிட்டாலும் சட்டப்படி கைமாறியது 1962ல்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட், பாதிப் பேர் வீட்டில் காந்தி படம். யார் ஜெயித்திருந்தாலும் அடிதடி ஆகியிருக்கும். சமன் என்று தெரிந்ததும் வாத்தியார் நிம்மதியாக "மாட்ச் நுல்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரெஞ்சில் பயிற்சியாளருக்கு "அந்த்ரெனேர்" என்று பெயர். தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறவர் என்று அந்த வார்த்தைக்குள்ளே ஒரு பொருள் இருக்கிறது. ரோம் அணிக்கு அப்படி ஒருவர் இருந்தார், ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியார். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்ததும் அவர் கையில்தான். அடுத்த வருஷமே, 1963ல், புற்றுநோயில் போய்விட்டார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் வெறும் ஆட்டக்காரர்களாக நின்றுவிடவில்லை, பின்னால் வாத்தியார்களாகவும் ஆனார்கள்.

ரோமில் நம் கோல் கம்பத்தைக் காத்த பீட்டர் தங்கராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் பிறந்தவர். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்காக ஆடினார். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளிலும் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கினார். ஆட்டம் முடிந்ததும் கோவாவில் வாஸ்கோ கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசியில் பொகாரோ உருக்காலையில் பையன்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். 2008ல் அங்கேயே காலமானார்.

சைமன் சுந்தர்ராஜ் போனது கேரளத்துக்கு. அந்தக் காலத்தில் அங்கே ஃபாக்ட், பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம் என்று தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அணி வைத்திருந்தார்கள். வேலையும் உண்டு, மைதானமும் உண்டு. ஆள் இருந்தும் மாநிலத்துக்குக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. வேறு வேறு அணிகளில் ஆடுகிறவர்களைக் கூட்டி வந்து ஒரே அணியாக ஆட வைப்பது லேசான காரியம் இல்லை. அதற்குத்தான் அவரைப் போட்டார்கள். 1973 டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம், எதிரே ரயில்வே அணி. கேரளா 3-2 என்று ஜெயித்தது. மூன்று கோலையும் போட்டவர் கேப்டன் மணி. சாகும் வரை அவருக்கு "கேப்டன் மணி" என்றே பெயர். கேரளத்தில் கால்பந்து பார்க்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் அந்த மூன்று கோலையும் நேரில் பார்த்த மாதிரி சொல்வார். பயிற்சியாளர் யார் என்று கேட்டால், அங்கேயும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார்கள். கேரளாவுக்கு அடுத்த சந்தோஷ் டிராபி கிடைத்தது 1992ல். இடையில் 18 வருஷம். சைமன் செய்தது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

நம் தமிழ்நாடு சந்தோஷ் டிராபியை இன்று வரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 2012ல் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸ் அணியிடம் தோற்றோம். தேவிகுளமும் பீர்மேடும் 1956ல் கேரளத்தோடு போனதைப் பற்றி போடி டீக்கடைகளில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. சைமன் சுந்தர்ராஜ் போனதைப் பற்றி யாரும் ஒரு டம்ளர் டீகூட ஆறவிட்டதில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். வேல்ஸ் நாட்டு ஜான் டோஷாக், 1949ல் பிறந்தவர், கிட்டத்தட்ட என் வயதுக்காரர். லிவர்பூலில் பேர் வாங்கிய ஆட்டக்காரர். 1978ல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், சொந்த நாட்டில் ஸ்வான்சீ என்ற துறைமுக ஊரின் கிளப் அவரை அழைத்து மேனேஜர் பொறுப்பைக் கொடுத்தது. நான்காம் டிவிஷனில் கிடந்த அணியை 1981ல் முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு ஸ்பெயினுக்குப் போய் ரியல் மாட்ரிட் அணிக்கு 1990ல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வேல்ஸில் மொத்த ஜனத்தொகையே சுமார் முப்பது லட்சம். நம் மதுரை ஜில்லா அளவுதான். அவர்கள் தங்கள் ஆட்டக்காரரை முதலில் தாங்களே பயன்படுத்திக்கொண்டார்கள். உலகம் பிறகு வந்து கேட்டது.

நாம் என்ன செய்கிறோம்? நன்றாக ஆடுகிறவனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் ஒரு அரசு வேலை கொடுக்கிறோம். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதில் கால் ஓய்ந்த பிறகு அவனை என்ன செய்வது என்றுதான் எந்த ஃபைலிலும் எழுதவில்லை. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் அப்படி ஒருவர் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தார். மாநில அளவில் ஆடியவர். கவரில் ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவேட்டில் நம்பர் போடுவதுதான் அவருக்கு வேலை. ஆனால் காலை ஐந்தரைக்கே மைதானத்தில் இருப்பார். ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் விடியலில் ஜீப் ஏறிவிட்டால் பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் இவரிடம் வருவார்கள். பந்தும் இவர் காசு, பன்னும் இவர் காசு. மூன்று வருஷத்தில் இருபது பையன்கள் ஒழுங்காக ஆடக் கற்றுக்கொண்டார்கள். நான்காம் வருஷம் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தது. மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். "பையன்களுக்குப் பந்து சொல்லித் தருவது உங்கள் ட்யூட்டி லிஸ்டில் இல்லையே" என்றார்கள். விதிப்படி சரியான பதில். இரண்டு மாதத்தில் அந்தப் பையன்கள் சிதறிவிட்டார்கள். பாதிப் பேர் அப்பா அம்மாவோடு அதே ஜீப்பில் ஏறிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதனால் என் அபிப்பிராயம் இது. கோட்டாவில் வந்த ஆட்டக்காரர், ஆட்டம் முடிந்த பிறகு விருப்பப்பட்டால், பயிற்சி கொடுப்பதையே அவருடைய அலுவல் வேலையாக ஆக்க வேண்டும். சம்பளமும் இன்க்ரிமென்ட்டும் எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். அந்தச் சம்பளத்துக்கு அவர் ஸ்டாம்ப் ஒட்டுவதை விடப் பத்துப் பிள்ளைகளைக் கரையேற்றுவது அரசுக்கு லாபம். இரண்டாவது, அவரை ஒரே ஊரில் ஐந்தாறு வருஷமாவது விட்டு வைக்க வேண்டும். ஏலச்செடியே நட்டு மூன்றாம் வருஷம்தான் காய் கொடுக்கிறது. பிள்ளைகள் அதற்கும் மேல். செடி தலையெடுக்கும் நேரத்தில் நிழல் மரத்தை வெட்டினால் தோட்டம் என்னவாகும் என்று போடிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சிலர் கேட்பார்கள், இப்போது பெரிய கிளப்புகள் வந்துவிட்டனவே என்று. வந்திருக்கின்றன. சென்னையின் எப்.சி. 2015லும் 2018லும் ஐ.எஸ்.எல். பட்டம் வாங்கியது. சென்னை சிட்டி 2019ல் ஐ-லீக்கை ஜெயித்தது. மூன்று பட்டத்துக்கும் பயிற்சியாளர்கள் முறையே இத்தாலிக்காரர், இங்கிலாந்துக்காரர், சிங்கப்பூர்க்காரர். அவர்கள் திறமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை. இந்தியன் பாங்க் அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய நம் சபீர் பாஷா பல வருஷம் சென்னையின் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2022ல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் பாதியில் போனபோதுதான் அணி கொஞ்ச நாள் அவர் பொறுப்புக்கு வந்தது. சைமன் சுந்தர்ராஜை நம்பி ஒரு மாநிலமே அணியை ஒப்படைத்தது 1973ல். அரை நூற்றாண்டு கழித்து நாம் இங்கேதான் நிற்கிறோம்.

2023 ஜூனில் மதுரையிலிருந்து அகல ரயில் மறுபடி போடிக்கு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, மனு மேல் மனு போட்டு வாங்கிய ரயில். அந்த மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். ஒரு பயிற்சியாளர் பதவிக்கும், பையன்களுக்கு விட்டுவைத்த ஒரு மைதானத்துக்கும் அதே மாதிரி ஒரு மனு எழுதலாம். டிராஃப்ட் போட்டுக் கொடுக்க நான் தயார். முப்பத்தாறு வருஷம் அந்த வேலையைத்தானே பார்த்தேன்.