விதி என்று சொல்லிக் கதையை முடிக்காதீர்கள்



பிறந்த பிள்ளை அழவில்லை, உடம்பு நீலம் பாரித்துவிட்டது என்று செய்தி வந்தால், கினிகத்தேனைப் பக்கம் உடனே ஒரு சொல் வரும். தோட்டத்து உறவுகள் "தலைவிதி" என்பார்கள். நாங்கள் "நஸீபு" என்போம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

தாய்க்கு இரத்தம் போதுமாக இருந்ததா? பிறஷர் கூடியிருந்ததா? சீனி வருத்தம் இருந்ததா? குறைமாதமா? பன்னீர்க்குடம் உடைந்து எத்தனை மணித்தியாலம் கழித்து வைத்தியசாலைக்குப் போனார்கள்? இதையெல்லாம் கேட்டீர்களா? பிறஷர் கூடினால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் குறையும். குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் விரியச் சிரமப்படும். மூச்சு தடுமாறினால் இதயத்துடிப்பும் தளரும். இதெல்லாம் காரணம் தெரிந்த விஷயங்கள்.

கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் பிள்ளை இதயக் கோளாறோடு பிறக்கலாம். இலங்கையில் 1996இல் அதற்குத் தடுப்பூசி தொடங்கினார்கள். 2020இல் இந்த நாட்டில் ருபெல்லா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனமே உறுதிப்படுத்தியது. விதி என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

"கிளினிக் போ, ஓய்வெடு" என்று புத்தி சொல்வது சுலபம். வயிற்றில் பிள்ளையோடு மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கிலோ குறைந்தால் அரைப் பேர். கிளினிக் போன நாளின் சம்பளத்தை யார் கொடுப்பது? சம்பளப் பேச்சுக்கு மேசையில் உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்களே, கர்ப்பிணியின் கிளினிக் நாளுக்கு முழுப் பேர் கேளுங்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவர்களே, அம்புலன்ஸ் ஏறக்கூடிய பாதை போடுங்கள்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. இரும்புச்சத்துக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்கக் கொடுக்காதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. வெற்றிலையோடு புகையிலை போட்டால் பிள்ளையின் நிறை குறையும். திரிபோஷா தாய்க்குத் தந்தது, வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைக்க அல்ல. வலி வந்தால் விடியும்வரை ஓட்டோ தேடாமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பிறந்தவுடன் மூச்சுவிட ஏதாவது உதவி தேவைப்படும். அந்த முதல் நிமிடத்தில் கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பழியைப் படைத்தவன்மேல் போடாதீர்கள். பெற்றவள்மேலும் போடாதீர்கள்.