பால் போதாமையா, மூக்கடைப்பா?



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு வயது 45 நாள். மழை தொடங்கியதும் மூத்தவனுக்குத் தடிமன் பிடித்தது. இரண்டு நாளில் அது தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் தொற்றிவிட்டது.

"மூக்கு கர்கர் என்று இழுக்கிறது. பாலுக்கு வைத்தால் இரண்டு இழுவை இழுத்துவிட்டு வாயை எடுத்துக் கத்துகிறாள். இரவு முழுக்க இதே கதைதான். மாமி, 'உனக்குப் பால் காணாது, பால்மா கரைத்துக் கொடு' என்கிறார். டின்னும் வாங்கி வந்துவிட்டார்கள். மூத்தவனுக்குப் போன வருடம் வாங்கிய மூக்குச் சொட்டு அலுமாரியில் பாதிப் போத்தல் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு விடலாமா?" என்று கேட்கிறார்.

கேள்வி அவசரமானது என்பதால் அச்சகோதரியுடன் அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். அந்தப் போத்தலைத் திறக்க வேண்டாம், பால்மா டின்னையும் திறக்க வேண்டாம் என்பதுதான் நாம் சொன்ன பதில். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை மற்றச் சகோதரிகளும் அறிந்திருப்பது நல்லது. மழைக்காலத்தில் இந்தக் கதை நடக்காத வீடு குறைவு.

மூக்கு அடைத்தால் பால் ஏன் குடிக்காது?

நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். பிறந்து சில மாதங்களேயான பிள்ளைக்கு அது இலகுவாக வராது. அது பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும். பால் குடிக்கும்போதோ வாய் மார்பில் பொருந்தியிருக்கும். ஆகவே மூச்சுக்கு மூக்கு ஒன்றுதான் வழி. அந்தச் சிறிய துவாரத்தில் கொஞ்சம் சளி தங்கினாலும், பிள்ளை பாலை விட்டுவிட்டு மூச்சைத் தேட வேண்டிவரும். அதனால்தான் இரண்டு இழுவைக்குப் பிறகு வாயை எடுத்து அழுகிறது. பசி இருக்கிறது, பாலும் இருக்கிறது, மூச்சுக்குத்தான் வழியில்லை.

இது தெரியாமல் பால்மா கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். இல்லாத பால் போதாமை சில நாட்களில் உண்மையாகவே வந்துவிடும். பால்குடியைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு முழுமையாக இரண்டு வருடங்கள் என்று சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் காலம் குறித்திருக்கிறது. முதல் 6 மாதமும் தாய்ப்பால் மாத்திரமே போதும் என்று கிளினிக்கிலும் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஒன்றை ஒரு தடிமனுக்காக நாம் இழக்கலாமா?

பால் போதுமா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. 24 மணித்தியாலத்தில் 6 தடவையோ அதற்கு மேலோ நன்றாகச் சிறுநீர் கழித்து, கிளினிக்கில் நிறையும் ஏறி வந்தால் பால் போதும். சகோதரியின் பிள்ளைக்கு இரண்டும் சரியாகவே இருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

சேலைன் என்பது என்ன?

வுழூச் செய்யும்போது மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துகிறோம். எப்போதாவது தண்ணீர் சற்று மேலே ஏறிவிட்டால் சுரீர் என்று எரியும். நம் உடம்பின் நீரில் உப்பு இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் அந்த அளவு இல்லை. எரிவுக்குக் காரணம் அதுதான். ஒரு லீற்றர் சுத்தமான நீரில் 9 கிராம் உப்புச் சேர்ந்தால், அது உடம்பின் நீருக்கு ஒத்துவரும். அதுவே 0.9% சேலைன். அது மூக்கில் எரியாது. காய்ந்து ஒட்டிய சளியை ஊறவைத்து இளக்கிவிடும். அதில் வேறு மருந்து எதுவும் இல்லை.

பெரியவர்கள் ஒரு நாளில் எத்தனையோ தடவை மூக்கைச் சுத்தம் செய்கிறோம். பிள்ளைக்குச் சிந்தத் தெரியாது. அதற்காக நாம் செய்யும் சிறு உதவியே இந்தச் சொட்டு. தடிமனைப் போக்கும் சக்தி அதற்கு உண்டு என்று எண்ண வேண்டாம். தடிமன் வைரஸால் வருவது. அது 7 முதல் 10 நாளில் தானாகவே அடங்கும். அதுவரை பிள்ளை பால் குடிக்கவும் தூங்கவும் வழிசெய்வதே நம் வேலை.

2024இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 6 வயது வரையான 407 பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. உப்பு நீர்ச் சொட்டு விட்ட பிள்ளைகளுக்குத் தடிமன் சராசரியாக 6 நாளும், விடாதவர்களுக்கு 8 நாளும் நீடித்தது. ஆனால் அவர்கள் விட்டது உப்புக் கூடிய நீர். இதைப் படித்துவிட்டுக் கைப்பிள்ளைக்கு வீட்டில் உப்புக் கரைக்க வேண்டாம். கரண்டி அளவு பிசகினால் மூக்கு எரியும், தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் கிருமி உள்ளே போகும். பாமசியில் கிடைக்கும் சேலைன் சொட்டையே வாங்குங்கள்.

விடும் முறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிறந்த பிள்ளை தும்முவதும், மூக்கில் சிறு சத்தம் வருவதும் சாதாரணம். நன்றாகப் பால் குடித்துத் தூங்கும் பிள்ளைக்குச் சொட்டு எதுவும் தேவையில்லை. மூக்கடைப்பு பாலையோ தூக்கத்தையோ கெடுக்கும்போது மாத்திரம் விடுங்கள்.

1. சவர்க்காரம் போட்டுக் கைகளைக் கழுவுங்கள். சேலைன் போத்தல் குளிர்ந்திருந்தால் உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திப் பிடியுங்கள்.

2. பாலுக்கு 10 அல்லது 15 நிமிடத்துக்கு முன் பிள்ளையை மல்லாக்கக் கிடத்துங்கள். தலை சற்றுப் பின்னால் சாயட்டும். மாமியோ ராத்தாவோ பக்கத்திலிருந்து தலையை மெதுவாகப் பிடித்துக்கொண்டால் இலகு.

3. ஒவ்வொரு துவாரத்திலும் 2 அல்லது 3 சொட்டு விடுங்கள். போத்தலின் நுனி மூக்கில் படக்கூடாது.

4. ஒரு நிமிடம் பொறுங்கள். பிள்ளை தும்மலாம், சிணுங்கலாம். பயப்பட வேண்டாம். வெளியே வரும் சளியை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விட வேண்டாம்.

5. சளி இறுகி நின்றால் ரப்பர்க் குமிழால் உறிஞ்சலாம். குமிழை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியைத் துவாரத்தின் வாயிலில் மெதுவாக வைத்து, பிறகு கையைத் தளர்த்துங்கள். உள்ளே வைத்து அமுக்கினால் சளி மேலே ஏறிவிடும். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்புறம் புண்ணாகும். ஒவ்வொரு தடவையும் குமிழைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவையுங்கள்.

6. வாயால் உறிஞ்சி எடுக்கும் பழைய பழக்கம் வேண்டாம். நமது வாயின் கிருமி பிள்ளைக்குப் போகும்.

ஒரு பிள்ளைக்கு வாங்கிய போத்தலை மற்றப் பிள்ளைக்குப் பாவிக்கக் கூடாது. திறந்த திகதியை அதில் எழுதிவையுங்கள். திறந்த பின் எத்தனை நாள் வைக்கலாம் என்று லேபலில் இருக்கும். அதற்கு மேல் வீசிவிடுங்கள்.

அலுமாரியில் இருந்த சொட்டு

இக்கடிதத்தில் நம்மை அதிகம் பதறவைத்தது இதுதான். சகோதரியை அந்தப் போத்தலின் பெயரை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னோம். சைலோமெட்டசோலின் என்று இருந்தது. ஒக்சிமெட்டசோலின் என்பதும் இதே வகைதான். இவை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் மருந்துகள். கைப்பிள்ளையின் உடம்பில் இவை ஏறினால் மயக்கமான தூக்கம் வரலாம், இதயத் துடிப்பும் மூச்சும் மந்தமாகலாம், உடம்பு குளிர்ந்துபோகலாம். பெரியவர்களே இவற்றைப் பல நாள் தொடர்ந்து விட்டால் அடைப்பு முன்னையிலும் கூடும்.

இரண்டும் சிறிய போத்தல்தான், இரண்டும் மூக்குச் சொட்டுத்தான். பாமசியில் "பிள்ளைக்கு மூக்குச் சொட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையின் வயதைச் சொல்லிச் சேலைன் என்று கேளுங்கள். லேபலில் சோடியம் குளோரைட் 0.9% என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தடிமன், இருமல் பாணிகளும் அப்படியே. 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் அறிவித்தது. டொக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

நம் வீட்டு வைத்தியங்கள்

மூத்தவர்கள் அன்பினால் சொல்வதை எடுத்தெறிந்து பேச வேண்டாம். ஆனால் எது ஆகும், எது ஆகாது என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூக்கில் தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டால் அது நுரையீரலில் இறங்கி நோயை உண்டாக்கும். கற்பூரமும் மெந்தோலும் சேர்ந்த தைலங்கள் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மூக்கிலோ நெஞ்சிலோ படக்கூடாது. கொதிநீரில் ஆவி பிடிக்க வைத்தால் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, வாப்பாவின் சிகரட் எல்லாம் அந்தச் சிறு மூக்கை இன்னும் வீங்கவே செய்யும். கொத்தமல்லி அவித்த தண்ணீரைத் தாய் குடிக்கலாம், பிள்ளைக்கு வேண்டாம்.

தேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேனில் ஷிபா உண்டு என்பது சூரத்துந் நஹ்லில் வந்திருக்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேனில் சில வேளை இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்தை ஒரு வயது நிரம்பாத குடல் தாங்காது. கை கால் சோர்ந்து மூச்சே தளரும் நோய் அதனால் வரலாம். நோன்பு எவ்வளவு பெரிய இபாதத்! அதைக்கூடப் பருவமடையாத பிள்ளைக்கு அல்லாஹ் கடமையாக்கவில்லை. நல்லதற்கும் ஒரு வயது உண்டு. தேனுக்கு ஒரு வருடம் பொறுத்திருப்போம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வெறும் மூக்கடைப்பு அல்ல. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, மூக்குத் துவாரங்கள் விரிவது, முனகல், உதடு நீலமாவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வழமையில் பாதிகூடக் குடிக்காதது, சிறுநீர் குறைவது ஆகியவையும் ஆபத்தின் அடையாளங்களே. 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 100.4 பாகை பரனைட், அதாவது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் இருந்தால், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். இரவு என்றோ, அவர் வரட்டும் என்றோ காத்திருக்க வேண்டாம்.

கடிதம் எழுதிய சகோதரி பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்த்தார். 44 இருந்தது. காய்ச்சல் இல்லை, நெஞ்சும் குழியவில்லை. மறுநாள் கிளினிக்கிலும் காட்டினார். பிறகு பாலுக்கு முன் சேலைன் விட்டு, சற்று நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்துவிட்டு, பாலுக்கு வைத்தார். தலையைப் பிடித்தது மாமிதானாம். நான்காம் நாள் பேசியபோது, பிள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூங்குவதாகச் சொன்னார். திறக்காத பால்மா டின்னை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "மாமியே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மூத்தவனுக்கு பிஸ்கட் வாங்கி வந்தார்" என்றார்.

நமது குழந்தைச் செல்வங்களுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.